படகுமுழுக்கியின் ஐந்து கேள்விகள்

சோன்சி, 12 ஜூன் 2008

அப்பாவுக்கு,

நானாக எழுதவில்லை. சிமேனா மிஸ் எழுதச் சொன்னார், எழுதுகிறேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இறங்கி வந்துவிட்டதாக நீங்கள் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

எனக்குக் கவனக் குறைபாடு என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார் இல்லையா, அதற்காகக் கஸ்த்ரோவில் செவ்வாய்க்கிழமைகளில் ஒரு குழு கூடுகிறது. கதவில் 'இளையோர் தன்மதிப்புக் குழு' என்று ஒட்டியிருக்கிறது. என்னைப் போல ஏழு பேர். முதல் நாள் வட்டமாக உட்காரச் சொன்னார் மிஸ். அந்த வட்டம் போட்டு முடிப்பதற்குள் கால் மணி நேரம் போய்விட்டது. காலையில் போடும் மாத்திரை கவனத்துக்கு, இந்தக் குழு மற்றதுக்கு. "மற்றதுன்னா எது?" என்று அம்மா கேட்டாள். "இத்தனை வருஷமா எல்லாரும் சொன்னதை நானும் நம்பிட்டேன்ல, அதுக்கு" என்றேன். அம்மா ரொட்டியை அடுப்பில் வைத்தாள்.

போன வாரத்து வீட்டுப்பாடம்: வகுப்புப் பதிவேட்டில் நம் பெயருக்கு இருக்கும் பக்கத்தை எழுதி வர வேண்டும். அதுதான், நீங்களும் அம்மாவும் பெற்றோர் கூட்டத்தில் தலையைக் குனிந்துகொண்டு கையெழுத்துப் போடுவீர்களே, அந்தப் பக்கம். 'பாட நேரத்தில் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். நாயையா பார்க்கிறாய் என்று கேட்டதற்கு, ஆமாம், நொண்டி நாய் என்று பதில் சொன்னாள்.' இதுபோல மூன்று பக்கம். மிஸ் வாசித்துவிட்டு, "இதுல நீ செஞ்ச நல்லது ஒண்ணுகூட யார் கண்ணுலயும் படலையா?" என்று கேட்டார். அந்தப் பக்கத்தில் நல்லது எழுத இடமே கிடையாது என்றேன்.

இந்த வார வேலை: நம்மைத் திட்டும்போது நம் மண்டைக்குள் யாருடைய குரல் கேட்கிறதோ அவருக்குக் கடிதம் எழுத வேண்டும். எனக்கு உங்கள் குரல். லெமுய் தீவுப் படகுத்துறையில் நின்றுகொண்டு, "உன்னை நம்பி ஒரு வாளியைக்கூட விட முடியாதுடி!" என்று கத்தினீர்கள். பாத்திரம் கழுவும்போதுகூட அது கேட்கிறது.

ரேடியோவில் பேசினால் உங்கள் மீன் பண்ணையில் எல்லாக் கூண்டுக்காரர்களும் கேட்பார்கள். அதனால்தான் சரக்குப் படகில் கடிதம். ஆகஸ்ட் 18-க்குள் பள்ளியில் எந்தப் பிரிவு என்று எழுதிக் கொடுக்க வேண்டும். கடல் தொழில், இல்லாவிட்டால் சமையல். சமையல் என்று எழுதப் போகிறேன். படகைத் தவிர வேறு எதுவும் நான் கேட்டதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஏன் சமையல் என்பதும் தெரியும்.

யாஸ்னா


பண்ணை, 16 ஜூன்

மகளே யாஸ்னா,

உன் கடிதம் மாவு மூட்டைக்குள் சிக்கி வந்தது. சமையற்காரன் பிரிக்கப் பார்த்தான், பிடுங்கிக்கொண்டேன். இங்கே ஒன்பது நாளாக மழை. கடல்சிங்கம் ஒன்று நாலாவது கூண்டின் வலையைக் கிழித்து உள்ளே போய் மீனைத் தின்றுவிட்டு வெளியே வரத் தெரியாமல் கத்திக்கொண்டிருந்தது. பாதி நாள் அதை விரட்டுவதில் போயிற்று. குண்டென்றால் அப்படியொரு குண்டு, நம் பங்குத்தந்தை மாதிரி.

கடிதம் எழுதுவது என்ன வைத்தியம் என்று எனக்குப் புரியவில்லை. வைத்தியம் என்றால் மருந்து கொடுப்பார்கள், ஊசி போடுவார்கள். போகட்டும். அன்றைக்குக் கோபத்தில் ஏதோ சொல்லிவிட்டேன். அறுபது பேர் வேடிக்கை பார்க்க, படகு கண் முன்னால் முழுகினால் எந்த மனிதனுக்கும் வாய் சும்மா இருக்காது. பழைய படகுதான். விடு.

உன் மிஸ் பெற்றோருக்கென்று ஒரு தாள் அனுப்பியிருந்தார், போன முறை வீட்டுக்கு வந்தபோது நிரப்பினேன். நீ சின்ன வயதில் எப்படி என்று பதினெட்டு கேள்வி. பொருள்களைத் தொலைப்பாளா, ஒரு வேலையைப் பாதியில் விட்டு அடுத்ததற்குப் போவாளா, பேசிக்கொண்டிருக்கும்போதே நினைவு வேறெங்காவது போகுமா. வாசிக்க வாசிக்க எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது, உன்னைப் பற்றிக் கேட்கிறாரா, என்னைப் பற்றியா என்று. நாலு வருடமாக நம் கோழிக்கூட்டுக்குக் கூரை இல்லை என்பதை அந்த அம்மாவிடம் யார் சொன்னது?

சமையல் நல்ல படிப்பு. சூடான இடம், காய்ந்த துணி. இங்கே இருக்கும் சமையற்காரனுக்கு அரிசியைக் கருக்காமல் வடிக்கத் தெரியாது, அவனையே சார் என்று கூப்பிடுகிறோம். கடல் உனக்கு வேண்டாம்.

ரப்பர் பூட்ஸ் ஒட்டுப் போட வேண்டும், அம்மாவிடம் சொல்.

உன் அப்பா
எரிபெர்தோ


சோன்சி, 19 ஜூன்

அப்பாவுக்கு,

'விடு' என்று எழுதியிருக்கிறீர்கள். சந்தைக்குப் போனால் இன்னும் என்னைப் படகுமுழுக்கி என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவர்கள் விட்டால் நானும் விடுவேன்.

செவ்வாயன்று சிமேனா மிஸ் ஒரு முழு ஆப்பிள் கூகன் கேக்கைத் தட்டோடு கொண்டுவந்தார். தின்னக் கொடுப்பார் என்று பார்த்தால் கத்தியை நீட்டினார். "உங்களை ரொம்ப நாளா உறுத்துற ஒரு விஷயத்தை நினைச்சுக்கோங்க. அதுல உங்க பங்கு எவ்வளவோ அவ்வளவு வெட்டி எடுங்க." மரித்ஸா என்கிற பெண் மெல்லிசாக ஒரு துண்டு எடுத்தாள். என் முறை வந்ததும் நான் தட்டை அப்படியே என் பக்கம் இழுத்துக்கொண்டேன். மரித்ஸா கையில் இருந்ததையும் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை.

"மொத்தமும் உன்னோடதா?"

"ஆமா மிஸ்."

"கடல் ஏறினதும் உன்னாலதானா? நிலாவை நீதான் புடிச்சு இழுத்தியா?"

அன்று நடந்ததை நீதிபதி முன்னால் சொல்வதுபோல எழுதி வரச் சொல்லிவிட்டார். 'நான் மறதிக்காரி', 'நான் உதவாக்கரை' எதுவும் வரக் கூடாது. கண்ணால் பார்த்தது, கையால் செய்தது மட்டும். நான்கு முறை எழுதிக் கிழித்தேன். ஐந்தாவது இது:

போன வருடம் பிப்ரவரி, ஞாயிறு, லெமுய் தீவில் திருவிழா. அப்பா, அம்மா, நான் மூவரும் எங்கள் 'பிடிவாதக்காரி' படகில் உருளைக்கிழங்கு மூட்டைகளோடு போனோம். பதினொரு மணிக்குப் படகுத்துறைக்கு வந்தோம். கடல் அடிமட்டத்துக்கு வற்றியிருந்தது. அப்பா, "யாஸ்னா, கட்டிட்டு வா" என்றார். கட்டினேன். எப்படிக் கட்டினேன் என்பது நினைவில் இல்லை. கடல் அங்கே ஆறு மீட்டர் ஏறும், வற்றியிருக்கும்போது குட்டையாகக் கட்டினால் தண்ணீர் ஏறும்போது படகால் கூடவே ஏற முடியாது என்பது எனக்கு ஐந்து வயதிலிருந்தே தெரியும். அம்மா கடை போட்டாள். தராசு படகிலேயே இருந்துவிட்டது, பன்னிரண்டு மணி வாக்கில் அப்பா எடுக்கப் போனார். நான் மில்காவ் என்கிற உருளைக்கிழங்கு ரொட்டி சுடும் இடத்தில் நின்று அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றரை மணிக்கு யாரோ கத்தினார்கள். ஓடினேன். கயிறு படகின் மூக்கைக் கீழே பிடித்து வைத்திருந்தது, தண்ணீர் அதன் மேல் ஏறிக்கொண்டிருந்தது. அப்பா என்னைப் பார்த்துக் கத்திவிட்டு, ஏணியில் நெஞ்சளவு தண்ணீருக்குள் இறங்கி, கையை உள்ளே விட்டுக் கயிற்றை அறுத்தார். அதற்குள் எஞ்சின் முழுகி, பலகை தூணில் மோதி உடைந்துவிட்டது. அப்பா மேலே ஏறி வந்தார். நான், "மன்னிச்சிடுங்கப்பா" என்றேன்.

மிஸ் இதை இரண்டு முறை வாசித்தார். "கட்டினது நினைவில இல்லைங்குற. அப்புறம் தப்பாத்தான் கட்டினேன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். நான் எப்போதும் மறப்பவள், அதனால் அதுவும் நானாகத்தான் இருக்கும் என்றேன். "அது நடந்ததில்லையே, அது நீ சொல்ற தீர்ப்பு" என்றார்.

நீங்கள் 24-ஆம் தேதி வரும்போது நான் ஓர்பெலினா அத்தை வீட்டில் இருப்பேன். போன முறை மாதிரியே.

யாஸ்னா


பண்ணை, 7 ஜூலை

மகளே,

பத்து நாள் வீட்டில் இருந்தேன், நீ தலையைக் காட்டவில்லை. சான் ஹுவான் பண்டிகைக்குக்கூட வரவில்லை. அத்தை வீட்டில் அப்படி என்ன வைத்திருக்கிறார்கள்? உன் அம்மா என்னோடு பேசினாள், ஆனால் விறகைப் பற்றியும் மழையைப் பற்றியும் மட்டும். கோழிக்கூட்டுக் கூரையை ஆரம்பித்தேன். பாதி வந்திருக்கிறது. ஆணி வாங்கப் போன இடத்தில் உபால்தோவைப் பார்த்தேன், அவன் புதிதாக வாங்கிய மரம் அறுக்கும் இயந்திரத்தைக் காட்டினான், அப்புறம் இருட்டிவிட்டது.

ஆணி தேடிக் கொட்டகைக்குள் போனபோது நடுத் தூணைப் பார்த்தேன். கயிறு உரசி உரசி மரம் மழமழவென்று இருந்தது. "என்ன இது?" என்று உன் அம்மாவைக் கேட்டேன். "உம் பொண்ணு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கட்டுவா, அவிழ்ப்பா, கட்டுவா. ஒன்றரை வருஷமா நடக்குது. நீ இப்பதான் பார்க்குற" என்றாள்.

இதெல்லாம் எதற்கு யாஸ்னா? கை புண்ணாகும்.

ரொட்டிக் கூடைக்கு அடியில் பள்ளிப் படிவம் இருந்தது. பென்சிலால் சமையல் என்று எழுதியிருந்தாய். நல்லது. பேனாவால் எழுதிவிடு.

நீ எழுதிய அந்த நீதிமன்றக் கதையை வாசித்தேன். அதில் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

அப்பா


சோன்சி, 17 ஜூலை

அப்பாவுக்கு,

ஒன்றும் இல்லை என்றால் ஒரு வரியில் எழுதலாமே, 'எல்லாம் சரியாக எழுதியிருக்கிறாய்' என்று. அதை நீங்கள் எழுதவில்லை. நான் எத்தனையோ விஷயங்களைக் கவனிக்க மாட்டேன், இதைக் கவனித்துவிட்டேன்.

மிஸ், அன்று அங்கே இருந்தவர்களைப் போய்க் கேட்கச் சொன்னார். சண்டை போட அல்ல, கேட்க. சனிக்கிழமை லெமுய்க்குப் போனேன். ஃபெரியில்தான். படகு முழுகிய அன்று வீடு திரும்பியதற்குப் பிறகு இப்போதுதான் கடல் மேல் போகிறேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற லாரிக்காரர், "என்ன பொண்ணே, வாந்தியா?" என்று கேட்டு ஒரு பையைக் கொடுத்தார். வாந்தி இல்லை. அழுகை. பையை அதற்குப் பயன்படுத்திக்கொண்டேன்.

படகுத்துறையில் காசு வாங்கும் உங்கள் நண்பர் அபெலினோ மாமா இருந்தார். அன்றைக்கும் அவர் அங்கேதான் நின்றார். "மாமா, நான் பிடிவாதக்காரியை எங்க கட்டினேன், பார்த்தீங்களா?" என்று கேட்டேன். அவர் தொப்பியைக் கழற்றினார், மாட்டினார், திரும்பக் கழற்றினார். "துறை மேல இருக்குற இரும்பு வளையத்துலதான் கட்டின. நீளமாத்தான் விட்டிருந்த. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். மிச்சத்தை உங்கப்பாகிட்ட கேளு. அவரு சொல்லாம நான் சொன்னா நல்லாயிருக்காது." அப்புறம் ஃபெரிக்குக் காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்.

அதனால் கேட்கிறேன். ஐந்தே கேள்வி. கோபம் இல்லாமல்தான் எழுதுகிறேன், மிஸ் பக்கத்தில் இருந்து பார்த்தார்.

நான் மேலே வளையத்தில் கட்டினேன் என்றால், நீங்கள் தண்ணீருக்குள் கையை விட்டு ஏணிப்படியில் அறுத்தது எந்தக் கயிறு? தராசு எடுக்கப் போனபோது படகு எப்படிக் கட்டியிருந்தது? எப்பேர்ப்பட்ட முடிச்சையும் அறுக்கக் கூடாது, அவிழ்க்கத்தான் வேண்டும் என்று சின்ன வயதில் என்னை ஒரு மணி நேரம் மழையில் உட்கார வைத்தவர் நீங்கள், அன்று ஏன் அறுத்தீர்கள்? என்னைப் பார்த்துக் கத்தியபோது, நான்தான் என்று உங்களுக்கு நிச்சயமாகத் தெரியுமா?

ஐந்தாவது: இப்போது?

யாஸ்னா


பண்ணை, 21 ஜூலை

யாஸ்னா,

பெற்ற அப்பனைப் பற்றி ஊர் ஊராகப் போய் விசாரிக்கிறாயா? அந்த மிஸ் என்ன, போலீஸா? அபெலினோ காலையிலேயே சிச்சாக் கள் குடிக்கிறவன். அவன் கண்ணுக்கு வளையமும் தெரியாது ஏணியும் தெரியாது.

படகு போய்விட்டது. அது போனதால்தான் நான் இங்கே வந்து கிடக்கிறேன், இருபது நாள் ஈரத் துணியோடு இன்னொருவன் மீனுக்குத் தீனி போட்டுக்கொண்டு. அதற்கு மேல் கிளறி யாருக்கு என்ன லாபம்?

இந்த முறை நான் வரவில்லை. இங்கே கூட வேலை செய்யும் ரிகோபெர்தோவின் மனைவிக்குப் பிரசவ நேரம், என் விடுப்பை அவனுக்குக் கொடுத்துவிட்டேன். அம்மாவிடம் சொல்.

எரிபெர்தோ


சோன்சி, 31 ஜூலை

அப்பாவுக்கு,

கேட்டதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். அபெலினோ மாமா என் மேல் இரக்கப்பட்டு அப்படிச் சொல்லியிருக்கலாம். யோசித்துப் பார்த்தால் அதுதான் சரியாகப் படுகிறது. நானாகத்தான் இருக்கும். எப்போதும் நான்தானே.

இந்த வாரம் குழுவுக்குப் போகவில்லை, இனியும் போவதாக இல்லை. சிமேனா மிஸ் வீட்டுக்கு ஃபோன் செய்தார், தூங்குகிறேன் என்று சொல்லச் சொன்னேன். படிவத்தில் பேனாவால் எழுதிவிட்டேன். 18-ஆம் தேதி கொடுக்க வேண்டும், அம்மா கையெழுத்துதான் பாக்கி. கொட்டகையில் இருந்த கயிற்றைப் பக்கத்து வீட்டுக்காரர் மாடு கட்டக் கேட்டார், கொடுத்துவிட்டேன்.

பூட்ஸை ஒட்டிவிட்டோம். இதோடு வருகிறது.

யாஸ்னா


பண்ணை, 4 ஆகஸ்ட்

மகளே யாஸ்னா,

இந்தக் கடிதத்தில் மழையைப் பற்றியோ கடல்சிங்கத்தைப் பற்றியோ எழுத மாட்டேன். எழுத ஆரம்பித்தால் எனக்குத் தப்பிக்க வழி கிடைத்துவிடும், எனக்கு என்னைத் தெரியும்.

படகை முழுக்கியவன் நான்.

நீ மேலே வளையத்தில், நீளமாக விட்டு, அழகாகக் கட்டியிருந்தாய். நான் தராசு எடுக்க வந்தபோது படகு ஏணியிலிருந்து தள்ளி நின்றது. தராசு கனம், எட்டி எடுக்க முடியவில்லை. நீ கட்டியதை அவிழ்த்துப் படகை ஏணிக்கு நெருக்கமாக இழுத்து, ஏணிப்படியில் குட்டையாகக் கட்டினேன். இரண்டே நிமிடம், தராசை மேலே வைத்துவிட்டு வந்து மாற்றிக் கட்டிவிடலாம் என்று. தராசை மேலே வைத்தேன். "எரிபெர்தோ, ஒரு ஆட்டத்துக்கு ஆள் குறையுது, வா" என்று சீட்டாட்டக்காரர்கள் கூப்பிட்டார்கள். போனேன். கயிறு என் நினைவிலிருந்து துடைத்தாற்போலப் போய்விட்டது. அது எப்படி என்று வேறு யாருக்குச் சொன்னாலும் புரியாது, உனக்குப் புரியும்.

கத்திக்கொண்டு ஓடி வந்தபோது சத்தியமாக நீதான் என்று நினைத்தேன். அதனால்தான் அந்த வார்த்தையைச் சொன்னேன். அப்புறம் தண்ணீருக்குள் இறங்கி முடிச்சைத் தேடினேன். கண்ணுக்குத் தெரியவில்லை, கையால் தடவினேன். இடது கைக்காரன் போட்ட முடிச்சு. நம் வீட்டில் இடது கைக்காரன் நான் ஒருவன்தான். அந்த நிமிடம் தராசு, சீட்டு, எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது. மேலே அறுபது பேர் நிற்கிறார்கள். உன்னைத் திட்டி வாய் மூடவில்லை. அவிழ்த்துக்கொண்டிருந்தால் கயிறு ஏணியில் கட்டியிருந்தது யார் கண்ணிலாவது பட்டுவிடும். தண்ணீருக்குள்ளேயே அறுத்து முடிச்சைக் கடலோடு விட்டேன். அபெலினோ மட்டும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஏறி வந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். நீ முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டுவிட்டாய். நீயே ஒத்துக்கொண்டாய். எனக்கு அது வசதியாகப் போயிற்று. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன், அடுத்த வாரம் என்று நினைத்தேன். பிறகு, இவள்தான் எல்லாவற்றையும் மறக்கிறவளாயிற்றே, இதையும் மறந்துவிடுவாள் என்று நினைத்தேன். நீ ஆயிரம் மறந்தாய். இதை மட்டும் மறக்கவில்லை.

கடல் உனக்கு வேண்டாம் என்று நான் எழுதியது உன்னை நினைத்து அல்ல. நீ படகில் கால் வைக்கும்போதெல்லாம் நான் செய்தது எனக்கு நினைவு வரும், அதனால். ரிகோபெர்தோவுக்குக் கல்யாணமே ஆகவில்லை, பிரசவம் எங்கே வந்தது. உன் முகத்தைப் பார்க்கப் பயந்து இங்கேயே கிடந்தேன்.

கயிற்றைக் கொடுத்துவிட்டேன் என்று எழுதியிருந்தாயே, அதை வாசித்துவிட்டுத் தீவனக் கிடங்குக்குள் போய் அழுதேன். சமையற்காரன் பார்த்துவிட்டான். வெங்காயம் என்றேன். "தீவனக் கிடங்குல ஏதுய்யா வெங்காயம்?" என்று கேட்டான்.

உன் ஐந்து கேள்விக்கும் பதில் இதில் இருக்கிறது. மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாயில்லை. இந்தக் கடிதத்தை அம்மாவிடம் காட்டு, உன் மிஸ்ஸிடம் காட்டு, யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. 22-ஆம் தேதி வெள்ளிக்கிழமை என் முறை முடிகிறது. நான் வரலாமா என்று எழுது.

எரிபெர்தோ


சோன்சி, 14 ஆகஸ்ட்

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை நின்றுகொண்டே வாசித்தேன். பிறகு உட்கார்ந்து வாசித்தேன். பிறகு அம்மாவுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அம்மா உருளைக்கிழங்கு துருவிக்கொண்டிருந்தாள். கடைசி வரி வரை கேட்டாள், கையைத் துடைத்துக்கொண்டாள், கோடரியை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். செப்டம்பர் முடியும் வரைக்கும் நமக்கு விறகுக் கவலை இல்லை.

உள்ளே வந்ததும் என்னைக் கட்டிக்கொண்டு, "நானும் உன்னை ஒரு வார்த்தை கேட்கலையேடி" என்று அழுதாள். உங்களைப் பற்றி அவள் சொன்னதை நான் எழுத மாட்டேன். நேரில் சொல்வாள்.

செவ்வாய்க்கிழமை குழுவுக்குப் போனேன். போகாமல் இருந்ததற்கு யாரும் திட்டவில்லை. மரித்ஸா இரண்டு வாரமாக எனக்கு இடம் போட்டு வைத்திருந்தாளாம். கடிதத்தை மிஸ்ஸிடம் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு நல்லது என்றோ கெட்டது என்றோ சொல்லவில்லை. "இப்ப உனக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டார். சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன், ஆனால் இல்லை. ஒன்றரை வருடம், அப்பா. சந்தையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது நீங்கள் இரண்டு முறை என் பக்கத்தில் நின்றிருக்கிறீர்கள். தக்காளியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். மிஸ்ஸிடம் அதைச் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எங்கேயோ உயர்ந்துவிட்டது, பக்கத்து அறையிலிருந்து ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்தார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் மறக்காதவள் ஆகிவிடவில்லை. திங்கட்கிழமை பாலை அடுப்பில் வைத்துவிட்டுப் பூனையோடு வெளியே போய்விட்டேன், பாத்திரம் கரியாகிவிட்டது. அது நான் செய்தது. தேய்த்துக் கழுவினேன், அம்மாவிடம் சொன்னேன், முடிந்தது. அதற்காக நான் உதவாக்கரை என்று யாரும் எழுதவில்லை, நானும் எழுதிக்கொள்ளவில்லை.

பள்ளியில் புதுப் படிவம் கேட்டேன். ஒருவருக்கு ஒன்றுதான் என்றார் அலுவலக அம்மா. "முதல்ல எழுதினது தப்பான தகவலை வச்சு எழுதினது" என்றேன். கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார், பிறகு கொடுத்துவிட்டார். கடல் தொழில் என்று எழுதினேன். அம்மா கையெழுத்துப் போட்டாள், நேற்றே கொடுத்தாயிற்று. உங்களிடம் அனுமதி கேட்கவில்லை, தெரிவிக்கிறேன்.

அபெலினோ மாமாவிடமும் அந்தச் சீட்டாட்டக்காரர்களிடமும் நீங்களே போய்ச் சொல்லுங்கள். நீயும் கூடப் போகிறாயா என்று மிஸ் கேட்டார். மாட்டேன் என்றேன். அது உங்கள் வேலை.

வரலாமா என்று கேட்டிருந்தீர்கள். உங்களை நான் மன்னிக்கவில்லை. எப்போது மன்னிப்பேன் என்று தெரியாது. கோபமாக இருக்கிறேன், இப்படி ஒரு கோபம் எனக்கு வந்ததே இல்லை. முன்பெல்லாம் எது நடந்தாலும் என் தலையில் நானே அடித்துக்கொள்வேன். இந்த முறை உங்கள் தலையில் அடிக்க வேண்டும்போல இருக்கிறது.

வெள்ளிக்கிழமை வாருங்கள். நான் அத்தை வீட்டுக்குப் போகவில்லை.

யாஸ்னா